ஐடி வேலை போனால்: கடைசி நாளிலிருந்து அடுத்த ஆஃபர் வரை

2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம், அதாவது ஏறக்குறைய 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அப்போதிருந்து சென்னையின் ஐடி சாலையான ஓஎம்ஆரில், புராஜெக்ட் இல்லாமல் பெஞ்ச்சில் இருக்கும் யாருக்கும் நிம்மதி இல்லை. பெரிய கம்பெனி அறிவித்துவிட்டுச் செய்கிறது. சிறிய, நடுத்தரக் கம்பெனிகள் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஹெச்ஆர் அறைக்குக் கூப்பிட்டுச் சத்தமில்லாமல் முடித்துவிடுகின்றன.

எனக்கும் அந்த அழைப்பு வந்தது. அடுத்த வேலை கிடைக்கும்வரை நேர்முகத் தேர்வுகளைவிடக் காகிதங்கள்தான் என்னை அதிகம் அலைக்கழித்தன. சந்தை நன்றாக இருக்கும்போது ஒரு கடிதம் குறைந்தாலும் "அப்புறம் கொடுங்கள்" என்று சேர்த்துக்கொள்வார்கள். ஆட்கள் வரிசையில் நிற்கும் காலத்தில் அதே குறை போதும், அடுத்தவரை எடுத்துக்கொள்ள. அதனால் முதலில் காகிதம், அடுத்து கையிருப்பு, அதன்பின் தேடல் என்ற வரிசையில் எழுதுகிறேன். தமிழ்நாட்டில் தனியார் ஐடி, ஐடி சார்ந்த வேலையில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது இது.

1. ஹெச்ஆர் அறையில்: அன்றே கையெழுத்துப் போடாதீர்கள்

பெரும்பாலும் உங்கள்முன் இரண்டு வழிகளை வைப்பார்கள். "நீங்களே ராஜினாமா செய்தால் ரிலீவிங் லெட்டர் சுத்தமாக வரும். இல்லையென்றால் நாங்கள் டெர்மினேட் செய்ய வேண்டியிருக்கும், அது உங்கள் ரெக்கார்டில் நிற்கும்." இதைச் சொல்லிவிட்டு, மாலைக்குள் போர்ட்டலில் ராஜினாமாவைப் பதிவுசெய்யச் சொல்வார்கள்.

அவசரம் அவர்களுடையது. "எழுத்தில் அனுப்புங்கள், படித்துப் பார்த்து இரண்டு நாளில் பதில் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். அறையை விட்டு வந்ததும் பேசியதைச் சுருக்கி ஹெச்ஆருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: இன்ன தேதி, இன்னார் இருந்தார்கள், இன்னது சொன்னார்கள். கோபம் வேண்டாம், தகவல் மட்டும் போதும்.

ராஜினாமா என்று எழுதினால் எதை இழக்கக்கூடும் என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

முதலாவது ஆட்குறைப்பு இழப்பீடு. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. அவற்றின்படியும், அதற்கு முன்பிருந்த 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தின்படியும், ஓராண்டு தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளமும் தர வேண்டும். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களும், மேற்பார்வைப் பணியில் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர்களும் இந்தத் 'தொழிலாளி' வரையறைக்குள் வரமாட்டார்கள். ஆனால் விசிட்டிங் கார்டில் இருக்கும் பதவிப் பெயர் இதைத் தீர்மானிப்பதில்லை. நீங்கள் உண்மையில் என்ன வேலை செய்தீர்கள் என்பதே கணக்கு. 'லீட்' என்று பெயர் வைத்திருந்தாலும் நாள் முழுக்க நிரல் (கோட்) எழுதியவர் என்றால் வாதிட இடம் இருக்கிறது.

இரண்டாவது, வீட்டுக் கடனோடு எடுத்த 'வேலை இழப்பு' காப்பீடு. இருந்தால் அதன் பாலிசியைத் தேடி எடுங்கள். இவை பொதுவாகச் சில மாத இஎம்ஐயைக் கட்டும். ஆனால் தானாக ராஜினாமா செய்தவருக்குக் கட்டாது.

மூன்றாவது, பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) பணத்தின் வரி. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அப்படியென்றால் ராஜினாமாவே செய்யக் கூடாதா? அப்படிச் சொல்லமாட்டேன். நல்ல செட்டில்மெண்ட் எழுத்தில் கிடைக்கிறது, அடுத்த இடத்தில் விளக்கம் சொல்ல விருப்பமில்லை என்றால் ராஜினாமா நியாயமான தேர்வுதான். ஆனால் கையெழுத்துக்கு முன் இவை அத்தனையும் ஒரே கடிதத்தில் வர வேண்டும்: எத்தனை மாதச் சம்பளம், அது அடிப்படைச் சம்பளமா மொத்தச் சம்பளமா, நோட்டீஸ் காலச் சம்பளம் அதில் அடக்கமா தனியா, மீதி லீவுக்கான பணம், இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை, ரிலீவிங் லெட்டர் எந்தத் தேதியில். வாய்மொழியாகச் சொன்ன எதையும் கணக்கில் வைக்காதீர்கள்; உங்களிடம் சொன்ன ஹெச்ஆரே அடுத்த மாதம் அங்கே இல்லாமல் போகலாம்.

மிரட்டிக் கையெழுத்து வாங்க முயன்றால் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு கொடுக்கலாம். ஐடி ஊழியர்கள் தொழிற்சங்கம் அமைக்கத் தடையில்லை என்று தமிழ்நாடு அரசு 2016இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. சென்னையில் ஐடி ஊழியர் சங்கங்கள் இயங்குகின்றன. உறுப்பினராக இல்லாவிட்டாலும் போய்க் கேளுங்கள். வேலை நீக்கத்தை எதிர்த்துத் தீர்ப்பாயம் போகப் புதிய சட்டத்தில் 2 ஆண்டு அவகாசம்தான்.

2. லேப்டாப்பைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்

சில இடங்களில் கூட்டம் முடிந்த ஒரு மணி நேரத்தில் லாகின் போய்விடும். அதனால் ஆட்குறைப்புப் பேச்சு காதில் விழும்போதே, வேலை போகும் என்று தோன்றாவிட்டாலும், கீழ்க்கண்டவற்றைச் சொந்தமாகச் சேமித்துவையுங்கள்:

- ஆஃபர் லெட்டர், நியமனக் கடிதம், ஒவ்வொரு சம்பள உயர்வுக் கடிதமும்
- எல்லா மாதச் சம்பளச் சீட்டுகளும். கடைசி ஆறு மாதம் கட்டாயம்
- எல்லா ஆண்டுகளின் ஃபார்ம் 16 (சம்பளத்தில் பிடித்த வரிக்கான சான்று)
- லீவ் இருப்பு காட்டும் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்
- குழு மருத்துவக் காப்பீட்டு அட்டை, பாலிசி எண்
- உங்கள் ஊழியர் எண், யுஏஎன் (கம்பெனி மாறினாலும் மாறாத பிஎஃப் உறுப்பினர் எண்), பிஎஃப் கணக்கு எண்

இங்கே ஒரு கடுமையான எச்சரிக்கை. கம்பெனியின் நிரல், வாடிக்கையாளர் ஆவணம், டிசைன் எதையும் சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள், பென் டிரைவில் எடுக்காதீர்கள். "நான் எழுதியதுதானே, போர்ட்ஃபோலியோவுக்கு" என்று தோன்றும். கண்காணிப்பு மென்பொருள் அதைப் பிடித்தால் ஆட்குறைப்பாக இருந்தது ஒழுங்கு நடவடிக்கையாக மாறிவிடும். செட்டில்மெண்ட்டும் போகும், பேரும் போகும். உங்கள் பெயரில் உள்ள ஆவணங்களை மட்டும் எடுங்கள்.

யுஏஎன், வங்கி, வருமான வரிக் கணக்கு ஆகியவற்றில் ஆபீஸ் மெயிலோ ஆபீஸ் சிம்மோ இருந்தால் உடனே மாற்றுங்கள். லேப்டாப், அடையாள அட்டை எதைக் கொடுத்தாலும் எழுத்தில் ரசீது வாங்குங்கள். கூரியரில் அனுப்பினால் பெட்டிக்குள் வைத்ததைப் படம் எடுத்து, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். "லேப்டாப் சார்ஜர் வரவில்லை" என்ற ஒரு வரிக்காக செட்டில்மெண்ட் வாரக்கணக்கில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

3. ஃபைனல் செட்டில்மெண்ட்: என்னென்ன வர வேண்டும், எப்போது

புதிய ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, நீக்கினாலும் ராஜினாமா செய்தாலும் பாக்கிச் சம்பளம் இரண்டு வேலை நாளுக்குள் வர வேண்டும். நடைமுறையில் 30 முதல் 45 நாள் எடுத்துக்கொள்வது பல கம்பெனிகளின் பழைய வழக்கம். அந்த வழக்கத்தைச் சொல்லி இழுத்தால் சட்டத்தைச் சுட்டிக்காட்டி மெயில் எழுதுங்கள். அது ஆதாரமாகவும் நிற்கும்.

கிராஜுவிட்டியை (பணிக்கொடையை) பலர் கேட்கவே மறந்துவிடுகிறார்கள். ஐந்தாண்டு தொடர்ந்து வேலை செய்திருந்தால் அது உங்கள் உரிமை. கணக்கு எளிது: கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகை × 15 ÷ 26 × ஆண்டுகள். அடிப்படைச் சம்பளம் 50,000, ஏழாண்டுப் பணி என்றால் சுமார் 2,01,900 ரூபாய். கடைசி ஆண்டில் ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்திருந்தால் அது முழு ஆண்டாகச் சேரும். வேலை முடிந்ததிலிருந்து 30 நாளுக்குள் தர வேண்டும். 20 லட்சம் வரை வரி இல்லை.

ஐந்தாண்டுக்குச் சில மாதம் முன்பாக வேலை போனவர்கள் கவனியுங்கள். நான்கு ஆண்டு முடிந்து, ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால் கிராஜுவிட்டி உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. கடைசி வேலை நாள் எது என்று பேரம் பேசும்போது இதை மனதில் வையுங்கள். சில வாரம் தள்ளிப்போனால் லட்சக்கணக்கில் வித்தியாசம் வரலாம். ஒப்பந்த காலம் குறிப்பிட்டு எடுக்கப்பட்டவர்களுக்குப் புதிய சட்டத்தில் ஓராண்டே போதும்.

லீவுப் பணத்துக்குத் தனியார் ஊழியர்களுக்கு வாழ்நாளில் மொத்தம் 25 லட்சம் வரை வருமான வரி விலக்கு உண்டு. செட்டில்மெண்ட் தாளில் அதற்கும் வரி பிடித்திருந்தால் கேளுங்கள்.

கையில் வந்து சேர வேண்டிய கடிதங்கள் மூன்று: ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்று, செட்டில்மெண்ட் கணக்குத் தாள். வந்ததும் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, பெயர் எழுத்து எல்லாவற்றையும் சரிபாருங்கள். அந்த மாதமே திருத்தம் கேட்டால் செய்வார்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் கேட்க ஆள் இருக்காது.

4. பிஎஃப்: அவசரப்பட்டு எடுக்க வேண்டாம்

வேலை போனதும் வீட்டில் முதலில் வரும் யோசனை "பிஎஃப்பை எடுத்துவிடு" என்பதுதான். கொஞ்சம் பொறுங்கள். வேலையில் இல்லாவிட்டாலும் அந்தப் பணத்துக்கு வட்டி வந்துகொண்டேதான் இருக்கும்.

ஐந்தாண்டு பணி முடியாமல் எடுத்தால் கம்பெனி போட்ட பங்குக்கும் வட்டிக்கும் வரி உண்டு. தொகை 50,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் 10 சதவீதம் டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) பிடிப்பார்கள்; பான் இணைக்காவிட்டால் இன்னும் அதிகம். பழைய கம்பெனியிலிருந்து பணத்தை மாற்றியிருந்தால் அந்த ஆண்டுகளும் ஐந்தாண்டுக் கணக்கில் சேரும். முன்பு 'பின்னால் சொல்கிறேன்' என்றது இதைத்தான்: கம்பெனியின் தொழில் சுருங்கியதால் அல்லது ஊழியரின் கட்டுப்பாட்டில் இல்லாத காரணத்தால் வேலை போயிருந்தால், ஐந்தாண்டு முடியாவிட்டாலும் இந்த வரி கிடையாது. அதை நிரூபிக்க ஆட்குறைப்புக் கடிதம் வேண்டும். கையில் ராஜினாமாக் கடிதம் மட்டும் இருந்தால் நிரூபிப்பது கடினம்.

எடுத்தே ஆக வேண்டும் என்றால்: முன்பு ஒரு மாதம் வேலையின்றி இருந்தால் 75 சதவீதமும், இரண்டு மாதம் ஆனால் மீதியும் எடுக்கலாம் என்றிருந்தது. 2025 அக்டோபர் 13 அன்று பிஎஃப் மத்திய அறங்காவலர் குழு இதை மாற்ற முடிவெடுத்தது. 25 சதவீதத்தைக் கணக்கிலேயே குறைந்தபட்ச இருப்பாக வைக்க வேண்டும், முழுத் தொகையையும் எடுக்க 12 மாதம் வேலையின்றி இருக்க வேண்டும், பென்ஷன் பகுதிக்கு 36 மாதம். அதனால் "ரெண்டே மாசத்துல முழுசா வந்துடும்" என்ற பழைய அறிவுரையை நம்பிக் குடும்பச் செலவைத் திட்டமிடாதீர்கள். விண்ணப்பிக்கும் அன்று பிஎஃப் போர்ட்டல் என்ன காட்டுகிறதோ அதை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

பத்தாண்டு பணி முடித்தவர்கள் பென்ஷன் பகுதியைப் பணமாக எடுக்க முடியாது. 58 வயதில் மாதாந்திரப் பென்ஷனாக வரும். பத்தாண்டை நெருங்கிக்கொண்டிருந்தால் அதைக் கலைக்காமல் விடுங்கள் என்பதே என் கருத்து.

இப்போதே செய்ய வேண்டியவை இரண்டு. பழைய கம்பெனி விலகிய தேதியைப் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். பதியாவிட்டால் கடைசியாகப் பணம் செலுத்தப்பட்டு இரண்டு மாதம் கழித்து நீங்களே போர்ட்டலில் பதியலாம். இன்னொன்று பெயர். நம் ஊர் இனிஷியல் பழக்கம் இங்கே பெரிய தொல்லை. சான்றிதழில் 'கா. முருகன்', ஆதாரில் 'முருகன் காளிமுத்து', பானில் 'காளிமுத்து முருகன்' என்று இருந்தால் பிஎஃப் கோரிக்கையும் நிற்கும், புதிய கம்பெனியின் சரிபார்ப்பும் நிற்கும். 2017 அக்டோபருக்குப் பிறகு ஆதாரோடு வாங்கிய யுஏஎன் என்றால் பெயர், பிறந்த தேதி போன்றவற்றைக் கம்பெனி ஒப்புதல் இல்லாமலே ஆன்லைனில் திருத்தலாம். அதற்கு முந்தையது என்றால் கம்பெனியின் ஒப்புதல் தேவைப்படும். ஹெச்ஆர் உங்கள் போனை எடுக்கும் காலத்திலேயே இதை முடித்துவிடுங்கள். சிக்கினால் ஒவ்வொரு மாதமும் 27ஆம் தேதி மாவட்டந்தோறும் பிஎஃப் அலுவலகம் நடத்தும் குறைதீர் முகாமுக்கு நேரில் போங்கள். போனில் மாதக்கணக்கில் தீராதது அங்கே தீர வாய்ப்பு அதிகம்.

5. இன்சூரன்ஸ் கடைசி நாளோடு நின்றுவிடும்

குழு மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் கடைசி வேலை நாளில் முடிந்துவிடும். அப்பா அம்மாவும் அதில்தான் இருந்திருப்பார்கள். இந்த ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள் என்று கையைப் பிடித்துச் சொல்கிறேன்.

கடைசி நாளுக்கு முன்பே அதே காப்பீட்டு நிறுவனத்திடம் குழு பாலிசியிலிருந்து தனிநபர் பாலிசிக்கு மாறக் கேளுங்கள். அப்படி மாறினால் ஏற்கெனவே கழிந்த காத்திருப்புக் காலம் கணக்கில் சேரும். புதிதாக எடுத்தால் முதல் 30 நாள் விபத்து தவிர எதற்கும் கிடைக்காது. ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு மூன்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை என்பதால் பிரீமியம் முன்பைவிடக் கொஞ்சம் குறைந்திருக்கிறது. பெற்றோருக்கு எடுக்கும்போது உள்ள நோயை மறைக்காதீர்கள். மறைத்தால் கோரிக்கை வரும் நாளில் மறுத்துவிடுவார்கள்.

6. ஆறு மாதத்துக்குக் கணக்குப் போடுங்கள்

செட்டில்மெண்ட், சேமிப்பு, வர வேண்டிய பணம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, மாதச் செலவால் வகுத்துப் பாருங்கள். வீட்டில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி நூலகத்தில் உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பாரம் நேர்முகத் தேர்விலும் முகத்தில் தெரியும்.

இஎம்ஐ தவறுவதற்கு முன்பே வங்கிக்குப் போய்ப் பேசுங்கள். காலத்தை நீட்டிப்பதும், சில மாதம் குறைத்துக் கட்டுவதும் வங்கியின் விருப்பம்தான் என்றாலும், தவறாமல் கட்டிவந்தவர் முன்கூட்டி வந்து கேட்டால் கேட்பார்கள். ஒருமுறை தவறிவிட்டால் சிபில் ஸ்கோர் இறங்கும். வங்கி, நிதித்துறை வாடிக்கையாளர்களுக்கு ஆள் எடுக்கும் சில கம்பெனிகள் அந்த ஸ்கோரையும் பார்க்கின்றன.

கிரெடிட் கார்டில் 'மினிமம் டியூ' மட்டும் கட்டிக்கொண்டு போகாதீர்கள். மாதம் மூன்றரை சதவீதம் என்பது ஆண்டுக்கு 42 சதவீதம். பணம் தேவைப்பட்டால் வங்கியில் நகைக் கடன் இதைவிடப் பல மடங்கு மலிவு. செயலி மூலம் ஐந்து நிமிடத்தில் கடன் தருபவர்கள் பக்கமே போகாதீர்கள்; உங்கள் போனில் உள்ள எண்களுக்கெல்லாம் போன் செய்து மானத்தை வாங்குவார்கள்.

சம்பளக் கணக்கில் சில மாதம் சம்பளம் வராவிட்டால் அது சாதாரண சேமிப்புக் கணக்காக மாறிவிடும். அப்போது குறைந்தபட்ச இருப்பு இல்லையென்றால் சில வங்கிகள் அபராதம் போடும். இஎம்ஐ எந்தக் கணக்கில் போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிபிஓ, சப்போர்ட் பணியில் மாதம் 21,000 வரை வாங்கி இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் இருந்தவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. அடல் காப்பீட்டாளர் நலத் திட்டத்தில், சராசரி தினச் சம்பளத்தில் 50 சதவீதம் அதிகபட்சம் 90 நாளுக்குக் கிடைக்கும், வாழ்நாளில் ஒருமுறை. இது அவ்வப்போது நீட்டிக்கப்படும் திட்டம். இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் இப்போதைய நிலையையும் தகுதி நாட்களையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

7. தேடல்

சரி, இனி வேலைக்கு வருவோம்.

உங்களுக்கு இருக்கும் ஒரே பெரிய பலம், உடனே சேர முடியும் என்பது. நம் ஊரில் 60 நாள், 90 நாள் நோட்டீஸ் சகஜம். ஆஃபர் வாங்கியவர் மூன்று மாதம் கழித்துக் கடைசி நாளில் வராமல் போவதும் சகஜம். புராஜெக்ட் மேனேஜர்கள் அப்படி அடிபட்டவர்கள். அதனால் ரெஸ்யூமின் மேற்பகுதியிலும், வேலை தேடும் தளங்களான நௌக்ரி, லிங்க்ட்இன் தலைப்பிலும் 'உடனே சேரலாம்' என்பதையும் கடைசி வேலை நாளையும் தெளிவாகப் போடுங்கள். நௌக்ரியில் அடிக்கடி புதுப்பிக்கும் புரொஃபைல்கள் மேலே வரும். காலையில் ஒரு வரியையாவது மாற்றிச் சேமியுங்கள்.

ரெஸ்யூம் இரண்டு பக்கம். படம், அப்பா பெயர், மதம், பாஸ்போர்ட் எண் எதுவும் வேண்டாம். "பொறுப்புகள்" என்று பட்டியல் போடுவதற்குப் பதில், நீங்கள் கைவைத்ததால் என்ன மாறியது என்று எழுதுங்கள்: எத்தனை மணி நேர வேலை எத்தனையாகக் குறைந்தது, எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள். வேலை விளம்பரத்தில் உள்ள தொழில்நுட்பப் பெயர்களில் உங்களுக்கு உண்மையிலேயே தெரிந்தவை அதே எழுத்தில் இருக்கட்டும், முதல் வடிகட்டலை மென்பொருள்தான் செய்கிறது.

போர்ட்டலில் நூறு விண்ணப்பம் போடுவதைவிடப் பத்து ரெஃபரல் (உள்ளே வேலை செய்பவரின் பரிந்துரை) மேல். ஆனால் "வேலை இருந்தா சொல்லுங்க" என்று பழைய சகாக்களுக்கு அனுப்பாதீர்கள். அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. அவர்கள் கம்பெனி இணையதளத்தில் போய்ப் பொருந்தும் வேலையை நீங்களே கண்டுபிடியுங்கள். அந்த வேலை எண், ரெஸ்யூம், உங்களைப் பற்றி மூன்று வரி மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். அவர் ஃபார்வர்டு மட்டும் செய்தால் போதும் என்ற நிலையில் கொடுங்கள். ரெஃபரல் போனஸ் அவருக்கும் கிடைக்கும் என்பதால் தயங்க வேண்டாம்.

சேவை நிறுவனங்கள் ஆள் எடுப்பதைக் குறைத்தாலும், வெளிநாட்டு வங்கிகள், சில்லறை வணிகம், வாகனத் துறை நிறுவனங்கள் சென்னையிலும் கோவையிலும் நடத்தும் சொந்தத் தொழில்நுட்ப மையங்கள் எடுத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றின் பல இடங்கள் விளம்பரத்துக்கே வராமல் வெண்டர் (ஆள் எடுத்துத் தரும் இடைநிலை நிறுவனம்) மூலம் போகும். ஒப்பந்த வேலை என்று ஒதுக்காதீர்கள். ஆனால் யார் பேரோலில் இருப்பீர்கள் (உங்களுக்குச் சம்பளம் போடுவது யார்), பிஎஃப் உண்டா, நிரந்தரமாக்குவது எப்போது என்று கேளுங்கள். ஒரே வேலைக்கு இரண்டு வெண்டர்கள் உங்கள் ரெஸ்யூமைப் போட்டால் இரண்டுமே தள்ளுபடி ஆகிவிடும். யாருக்கு எந்த வேலைக்குச் சம்மதம் சொன்னீர்கள் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்.

முதல் சில ஆண்டு அனுபவத்தில் இருப்பவர்கள் தமிழ்நாடு அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளத்தில் பதிந்துகொள்ளுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு மையங்கள் நடத்தும் முகாம்களும் இலவசம்தான்.

ஏன் விலகினீர்கள் என்று கேட்டால் இரண்டு வாக்கியம் போதும்: "எங்கள் புராஜெக்ட் முடிந்தது, அந்தப் பிரிவில் ஆட்குறைப்பு நடந்தது, நானும் அதில் ஒருவர். அதன்பின் இன்னதைக் கற்றுக்கொண்டிருக்கிறேன்." பழைய மேனேஜரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கெட்டது. ஆட்குறைப்பு இப்போது யாருக்கும் அதிர்ச்சி தருவதில்லை. மழுப்பினால்தான் சந்தேகம் வரும்.

8. ஆஃபரைப் படிப்பது

இந்தக் காலத்தில் பழைய சம்பளத்துக்கே எடுக்கப் பார்ப்பார்கள், சிலர் குறைப்பார்கள். வேலை நல்லதாக இருந்தால் பத்து சதவீதம் குறைவுக்காக மறுக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் சிடிசியை (கம்பெனி உங்களுக்காகச் செலவிடும் மொத்த ஆண்டுத் தொகையை) பார்த்து முடிவெடுக்காதீர்கள். 12 லட்சம் என்று சொன்னதில் 10 சதவீதம் வேரியபிள் (உறுதியில்லாத, மாறும் பகுதி) என்றால் 1.2 லட்சம் போயிற்று. அடிப்படைச் சம்பளம் 6 லட்சமாக இருந்து முழு 12 சதவீதம் போட்டால், கம்பெனியின் பிஎஃப் பங்கு 72,000. கிராஜுவிட்டி என்று சுமார் 29,000 சேர்த்திருப்பார்கள். மிச்சம் ஏறக்குறைய 9.79 லட்சம், மாதம் 81,600. அதில் உங்கள் பிஎஃப் பங்கு 6,000 போக 75,600. தொழில் வரியும் இன்சூரன்ஸ் பிடித்தமும் தனி. "வேரியபிள் போன வருடம் எத்தனை சதவீதம் கொடுத்தீர்கள்" என்று ஹெச்ஆரிடம் கேட்பதில் தவறே இல்லை. ஜாயினிங் போனஸ் இருந்தால் எத்தனை மாதத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்று பாருங்கள். அந்த விதி அவர்களே உங்களை நீக்கினாலும் பொருந்துமா என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

9. கண்ணிகள்

வேலைக்காகப் பணம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். பதிவுக் கட்டணம், லேப்டாப் டெபாசிட், சரிபார்ப்புச் செலவு, பயிற்சிக் கட்டணம், எந்தப் பெயரில் வந்தாலும் அப்படித்தான். உண்மையான கம்பெனி வாங்காது. பெரிய கம்பெனி பெயரில் ஜிமெயிலிலிருந்து ஆஃபர் வந்தால் அந்தக் கம்பெனியின் இணையதளத்தில் உள்ள எண்ணில் கேட்டு உறுதிசெய்யுங்கள். டெலிகிராமில் ரிவ்யூ போட்டால் பணம் என்று தொடங்குவதும், முதலில் சில நூறு கொடுத்துப் பிறகு லட்சத்தில் வாங்குவதும் ஒரே கும்பல் வேலை. பணம் போய்விட்டால் அந்த நிமிடமே 1930 எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு தூரம் பணத்தை முடக்க முடியும்.

இரண்டாவது கண்ணி போலி அனுபவம். இடைவெளியை மறைக்கவோ ஆண்டுகளைக் கூட்டவோ சம்பளச் சீட்டு முதல் ரிலீவிங் லெட்டர் வரை தயாரித்துத் தருவதாகச் சில கன்சல்டன்சிகள் சொல்வார்கள். பிஎஃப் பதிவில் எந்தக் கம்பெனி எந்த மாதம் பணம் கட்டியது என்று தெரியும். சரிபார்ப்பு நிறுவனங்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். சேர்ந்து ஆறு மாதம் கழித்துப் பிடிபட்டு அன்றே வெளியேற்றப்பட்டவர்கள் உண்டு. அதன்பின் உண்மையான அனுபவத்தையும் யாரும் நம்பமாட்டார்கள்.

மூன்றாவது வெளிநாடு. தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, டிஜிட்டல் மார்க்கெட்டிங், விமான டிக்கெட் இலவசம் என்று கூட்டிப்போய் மியான்மர், கம்போடியா, லாவோஸ் மோசடி முகாம்களில் அடைத்த கொடுமை நம் இளைஞர்களுக்கும் நடந்திருக்கிறது. சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகாதீர்கள். முகவர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவுபெற்றவரா என்று பாருங்கள். பதிவுபெற்ற முகவர் வாங்கக்கூடிய உச்ச வரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் விசாரிக்கலாம்.

10. சேர்ந்தபின் முதல் மாதத்தில்

சரிபார்ப்புப் படிவத்தில் தேதிகளைக் கடிதத்தில் உள்ளபடியே எழுதுங்கள், நினைவிலிருந்து எழுதாதீர்கள். இடைவெளியை இடைவெளி என்றே போடுங்கள். இடையில் ஃப்ரீலான்ஸ் செய்திருந்தால் அதையும் சொல்லுங்கள், வருமான வரித் துறையின் பதிவில் டிடிஎஸ் தெரியும்.

அதே நிதியாண்டில் பழைய கம்பெனிச் சம்பளமும் இருந்தால் அதன் விவரத்தைப் புதிய கம்பெனிக்கு அதற்கான வருமான வரிப் படிவத்தில் கொடுங்கள். கொடுக்காவிட்டால் இரு கம்பெனிகளும் நிலையான கழிவையும் வரி வரம்பையும் தனித்தனியாகக் கொடுத்துக் குறைவாக வரி பிடிக்கும். ஜூலையில் ரிட்டர்ன் போடும்போது மொத்தமும் வட்டியோடு உங்கள் தலையில் விழும்.

புதிய யுஏஎன் வாங்காதீர்கள், பழையதையே கொடுங்கள். முதல் மாதப் பங்கு வந்ததும் பழைய கணக்கு மாறிவிட்டதா என்று பாருங்கள், மாறாவிட்டால் போர்ட்டலில் கோரிக்கை போடுங்கள். பாஸ்புக்கைத் திறந்து பழைய கம்பெனியின் கடைசி மூன்று மாதப் பங்குகள் வந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். பணத் தட்டுப்பாட்டில் இருக்கும் கம்பெனிகள் சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுவது உண்டு. வரவில்லையென்றால் சம்பளச் சீட்டை இணைத்துப் பிஎஃப் குறைதீர் தளத்தில் அன்றே புகார் பதியுங்கள்.